கொல்லை மரத்துக்கு என்ன ஆச்சு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டுக்கோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். கன்று வாங்க வருகிறவர்களைவிட, கொல்லையில் ஏற்கெனவே நிற்கிற மரத்துக்கு என்ன ஆச்சு என்று கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வருவார்கள், இல்லையென்றால் போனில் மங்கலாக ஒரு படத்தைக் காட்டி "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பார்கள். இதில் பாதிப் பேருக்கு மருந்தே தேவைப்படாது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

தென்னை, மா, பலா, வேம்பு, எலுமிச்சை, கறிவேப்பிலை, கொய்யா, இவைதான் நம் பக்கத்துக் கொல்லைகளில் வருஷம் பூராவும் பச்சையாக நிற்பவை. பச்சையாகத்தானே இருக்கிறது என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, அதுதான் இந்த மரங்களில் உள்ள சிக்கல்.

எப்பவும் பச்சையா இருக்கிற மரம்தானே, ஏன் இவ்வளவு இலை கொட்டுது? நோயா?

எப்போதும் பச்சை என்றால் இலையே உதிராது என்று அர்த்தமில்லை. எல்லா இலையும் ஒரே நாளில் உதிராது, அவ்வளவுதான். தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை விடும், அதே கணக்கில் அடியில் ஒரு மட்டை காய்ந்து தொங்கும். கொண்டையில் முப்பது மட்டைக்குக் குறையாமல் இருந்து, கடைசி ஒன்றிரண்டு மட்டும் பழுத்துக் காய்ந்தால் அது வயசு, நோய் இல்லை. மாமரம் புதுத் தளிர் விடும்போது பழைய இலையைக் கொட்டும். வேம்பு மாசியில் ஏறக்குறைய மொட்டையாகி, பங்குனியில் தளதளவென்று வந்துவிடும்.

எவ்வளவு உதிர்கிறது என்று எண்ணுவதைவிட எந்த இலை உதிர்கிறது என்று பாருங்கள். உள்பக்கத்துப் பழைய இலை உதிர்ந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். நுனிக் கொழுந்து உதிர்ந்தாலோ, ஒரு பக்கத்துக் கிளை மட்டும் காய்ந்தாலோ கவனிக்க வேண்டும்.

மாங்கன்னுல கொழுந்தெல்லாம் செவப்பா, வாடிப்போய்த் தொங்குது அண்ணே. செத்துருமா?

சாகாது. மாந்தளிர் பிறக்கும்போதே செம்பு நிறம்தான், துவண்டுதான் தொங்கும். இரண்டு மூன்று வாரத்தில் விறைத்துப் பச்சையாகிவிடும். இதற்குப் பயந்து பூஞ்சண மருந்து அடித்துவிட்டு வந்த ஆள் எனக்குத் தெரியும், மருந்தால்தான் இலை பச்சையானது என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார்.

பலாப்பிஞ்சு பூரா கறுத்து விழுது. ஒண்ணுகூட நிக்கல.

விழுந்ததில் ஒன்றை எடுத்துக் காம்பைப் பாருங்கள். விரல் நீளத்தில், காம்பு மெலிந்து, மேலே மஞ்சள் தூள் ஒட்டியிருந்த பிஞ்சு என்றால் அது பிஞ்சே இல்லை, ஆண் பூ. மகரந்தம் கொட்டி முடித்ததும் கறுத்து, பூசணம் பிடித்து விழுவதுதான் அதன் விதி. காயாகப்போகும் பெண் பூவின் காம்பு தடியாக இருக்கும், பெரும்பாலும் அடிமரத்திலும் பெரிய கிளைகளிலும் வரும்.

தடித்த காம்புள்ளதே மழை நேரத்தில் அழுகிக் கறுத்தால் அது பூஞ்சண அழுகல். அழுகியதைப் பறித்துப் புதைத்துவிட்டு, காற்று புகும்படி உள்பக்கத்துச் சின்னக் கிளைகளைக் கழித்துவிடுங்கள். முதன்முதலில் பூக்கிற மரம் ஓரிரு வருஷம் ஆண் பூ மட்டுமே விட்டு ஏமாற்றவும் செய்யும்.

இலை மஞ்சளாகுது. என்ன உரம் போடலாம்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் தப்பாகப் பதில் சொல்லப்படுவதும் இதுதான். மஞ்சள் எங்கே ஆரம்பித்தது என்று முதலில் பாருங்கள்.

அடியிலுள்ள பழைய இலையில் ஆரம்பித்தால் தழைச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் இவற்றில் ஒன்று குறைகிறது. செடி பழைய இலையிலிருந்து இவற்றை எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும், அதனால் பழையது வெளுக்கும். தென்னையில் அடிமட்டைக் கீற்றுகள் ஓரத்தில் மஞ்சளாகி நடு ஈர்க்கை ஒட்டிப் பச்சையாகவே இருந்தால் மெக்னீசியம், மரத்துக்கு வருஷம் அரைக் கிலோ மெக்னீசியம் சல்பேட் போடலாம். புதுக் கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு அல்லது துத்தநாகம். வீடு கட்டிய சிமெண்ட், சுண்ணாம்புக் குப்பையைக் கொல்லையிலேயே கொட்டி மூடியிருப்பார்கள், அந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கறிவேப்பிலையில் இது நன்றாகத் தெரியும். அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளித்தால் பச்சை திரும்பும், ஆனால் மண் மாறாதவரை திரும்பவும் வெளுக்கும். தொழுஉரம்தான் நின்று பேசும்.

பழசு, புதுசு எல்லாம் சேர்ந்து மஞ்சளானால் உரத்தைத் தொடாதீர்கள். மண்வெட்டியை எடுங்கள். என் வீட்டு எலுமிச்சைக்கு நானே இந்தத் தப்பைச் செய்தேன். வாஷிங்மெஷின் தண்ணீர் போகும் வழியில் நட்டுவிட்டு, மஞ்சளானதும் யூரியா வைத்தேன், இன்னும் மஞ்சளானது. கடைசியில் ஒரு அடி தோண்டினால் சாக்கடை நாற்றம். வேரை விரலால் உருவினால் தோல் கையோடு வந்து உள்ளே வெறும் நூல் நின்றது. வேர் அழுகல். தண்ணீரைத் திருப்பிவிட்டு இரண்டு மாதம் மண்ணை ஆறப் போட்ட பிறகுதான் துளிர்த்தது.

அப்போ தண்ணி எங்க ஊத்தணும், எவ்வளவு ஊத்தணும்?

தண்டில் ஊற்றக் கூடாது. உறிஞ்சும் வேர் பெரும்பாலும் தண்டைவிட்டுத் தள்ளித்தான் இருக்கிறது. தென்னைக்கு அடிமரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி, உரமும் தண்ணீரும் அதற்குள் பரவலாக. எலுமிச்சைக்கு இரட்டை வட்டம் போடுங்கள்: தண்டை ஒட்டி ஒன்றரை அடிக்கு மண்ணை லேசாக மேடாக்கி, அதற்கு வெளியே பாத்தி. தண்டில் ஈரம் நின்றால் பட்டை வெடித்துப் பிசின் வடிய ஆரம்பிக்கும், அப்புறம் காப்பாற்றுவது சிரமம். மேடாக்குவது லேசாகத்தான், ஒட்டுக்கட்டிய இடத்தை மண்ணால் மூடிவிடாதீர்கள்.

அளவு கேட்டால் லிட்டர் கணக்கு சொல்லமாட்டேன். அரை அடி தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்க வந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

மா இலை நுனி மட்டும் தீஞ்ச மாதிரி காயுது. பூஞ்சணமா?

கடற்கரையை ஒட்டிய ஊர்களில் போர் தண்ணீரில் உப்பு ஏறினால் இப்படித்தான் முதலில் தெரியும். நுனியும் ஓரமும் ஒரே சீராகக் காய்ந்து, நடு இலை பச்சையாக இருக்கும். பூஞ்சணமாக இருந்தால் இலையில் அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, பெரிதாகி, ஓட்டையாகும். உப்புத் தண்ணீருக்கு மருந்து கிடையாது. மழைத் தண்ணீரைக் கொல்லைக்குத் திருப்பிவிடுங்கள், காய்ந்த இலைச் சருகால் மூடாக்குப் போடுங்கள்.

இலை மேல புகை படிஞ்ச மாதிரி கறுப்பா இருக்கு, துடைச்சா போயிடுது. இது என்ன?

கரும்பூசணம். இது இலையைத் தின்பதில்லை, மேலே சிந்திய தேன் போன்ற கழிவைத் தின்றுகொண்டு இலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கழிவைச் சிந்துவது யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. மாவில் பூக்கும் சமயம் என்றால் தத்துப்பூச்சி, கிளையைத் தட்டினால் சடசடவென்று பறக்கும். கொய்யாவில் மாவுப்பூச்சி. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் அஸ்வினி, செதில்பூச்சி.

ஒரு அம்மா எலுமிச்சைக்கு மூன்று தடவை வேப்பெண்ணெய் அடித்தும் கறுப்பு போகவில்லை என்று வந்தார். போய்ப் பார்த்தால் எலுமிச்சையில் ஒரு பூச்சிகூட இல்லை. நேர் மேலே தென்னை ஓலை விரிந்து நிற்கிறது, அடிப்பக்கம் பூரா வெள்ளை. மழை போலக் கழிவு எலுமிச்சையில் கொட்டுகிறது.

தென்னைல வெள்ளை ஈ. மருந்து அடிச்சா ரெண்டு வாரத்துல திரும்ப வருதே?

மருந்து அடித்ததால்தான் திரும்ப வருகிறது. இது சுருள் வெள்ளை ஈ, 2016-இல் பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்பட்டு அங்கிருந்து எல்லா இடமும் பரவியது. ஓலையின் அடியில் கோலம் போட்ட மாதிரி வட்ட வட்டமாக முட்டை வைத்து, மேலே மெழுகுத் தூள் பூசியிருக்கும். இதற்குள்ளேயே முட்டையிட்டு இதைக் கொல்லும் என்கார்சியா என்ற குளவி ஒன்று இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். ஓலையைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளைக்கு நடுவில் கறுத்த கூடுகள் தெரிந்தால் குளவி வேலை செய்துகொண்டிருக்கிறது, கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கிறதா? 2008-இல் கோயம்புத்தூரில் தொடங்கி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது. எந்த மருந்துக்கும் மசியாமல், 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த ஒரு குட்டிக் குளவிதான் அதை அடக்கியது. இதுவும் அதே மாதிரி சங்கதிதான்.

வீட்டில் செய்யக்கூடியது: மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் ஆறடி உயரத்தில் கட்டுங்கள், ஈ ஒட்டிக்கொள்ளும். குட்டை மரமாக இருந்தால் ஓலையின் அடியில் படும்படி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். கறுத்த இலைக்கு மைதாவை லிட்டருக்கு 25 கிராம் போட்டுக் காய்ச்சி ஆறிய பசையைத் தெளித்தால், வெயிலில் காய்ந்து கரும்பூசணம் அப்பளம் மாதிரி உரிந்து விழும். பார்க்கவே திருப்தியாக இருக்கும்.

எலுமிச்சைக் கன்னுல காக்கா எச்சம் மாதிரி ஒண்ணு இருக்கு, நகருது!

எச்சமேதான் வேஷம். எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு அது, வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலையில் கொம்பு நீட்டி ஒரு வாடை விடும். கறிவேப்பிலைக்கும் வரும். பெரிய மரம் என்றால் விட்டுவிடுங்கள், பட்டாம்பூச்சியும் வேண்டும்தானே. சின்னக் கன்றை இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும், கையால் எடுத்துப் போடுங்கள். கொழுந்தில் வெள்ளிக் கம்பி ஓடிய மாதிரி கோடு தெரிந்தால் அது வேறு, இலைத்துளைப்பான். லிட்டருக்கு 10 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் காதி சோப்பு, சாயங்காலம் தெளிக்கலாம்.

மாமரத்து அடியில மரத்தூள் கொட்டிக் கிடக்கு. கறையான்னு சொல்றாங்க.

கறையான் தூள் கொட்டாது. அது மண்ணைக் கொண்டுவந்து பட்டைமேல் பூசி, அந்தக் கூரைக்கடியில் செத்த பட்டையைத் தின்னும். பெரிய மரத்துக்கு இதனால் பெரிதாக ஒன்றும் இல்லை, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துவிட்டு அடியில் வேப்பம் புண்ணாக்கு போட்டால் போதும். சின்னக் கன்று என்றால் மட்டும் அவசரப்படுங்கள்.

தூள் கொட்டினால் தண்டுத்துளைப்பான். உள்ளே சுண்டுவிரல் தடிமனில் வெள்ளைப் புழு மாதக்கணக்கில் உட்கார்ந்து மரத்தைக் குடைகிறது. ஒரு கிளை மட்டும் காரணமில்லாமல் வாடும், அந்தக் கிளைக்கு நேர் கீழே பட்டையில் ஓட்டையும், ஈரமான தூளும், சில சமயம் கசிவும் இருக்கும். பழைய சைக்கிள் பிரேக் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டுத் திருகி இழுங்கள். புழு குத்துப்பட்டால் கம்பியில் பால் மாதிரி ஒட்டி வரும், அதுதான் அடையாளம். வெறும் தூள்தான் வந்தால் இன்னும் உள்ளே போகணும். முடிந்ததும் வேப்பெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து, களிமண்ணால் ஓட்டையை அடைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புதுத் தூள் இல்லையென்றால் ஜெயித்துவிட்டீர்கள்.

தென்னங்குருத்து விரிஞ்சா கத்தரிக்கோலால வெட்டின மாதிரி இருக்கு?

காண்டாமிருக வண்டு. மடிந்திருக்கும் குருத்தைக் குறுக்கே தின்றுவிடும், அது பின்னால் விரியும்போது விசிறி வெட்டியது போலத் தெரியும். ஆகவே இன்றைக்கு நீங்கள் பார்க்கும் வெட்டு பழையது, வண்டு இப்போது வேறு எங்கேயோ இருக்கலாம். குருத்தின் அடியில் புதிதாக மென்ற நார் தெரிந்தால்தான் உள்ளே ஆள் இருக்கிறது, மரமேறியிடம் சொல்லிக் கம்பியால் குத்தி எடுக்கச் சொல்லுங்கள்.

வண்டு பிறப்பது உங்கள் எருக்குழியில். கிளறினால் வெள்ளையாகத் தடித்து வளைந்த புழு கிடைக்கும், கோழி இருந்தால் அதற்கு அன்றைக்கு விருந்து. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானையில் வைத்தால் வண்டு வந்து விழும். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கூன்வண்டு வந்துருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தெரியும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும், அதனால்தான் முந்தைய கேள்வியிலேயே கவனமாக இருக்கச் சொன்னேன். காண்டாமிருக வண்டு போட்ட காயத்திலும், அரிவாள் பட்ட காயத்திலும்தான் சிவப்புக் கூன்வண்டு முட்டை வைக்கும். தண்டில் சின்ன ஓட்டை, அதில் மென்று துப்பிய நார், பழுப்புக் கசிவு. ராத்திரி சத்தம் அடங்கியபின் காதை மரத்தில் வைத்துக் கேட்டால் உள்ளே கரகரவென்று மெல்லும் ஓசை கேட்கும். நடுக்கொண்டை வாடிச் சாய்ந்தால் வெட்டி, பிளந்து, எரித்துவிடுவதுதான் மற்ற மரங்களுக்கு நல்லது.

நாலு மரம் உள்ள கொல்லையில் இனக்கவர்ச்சிப் பொறி தொங்கவிடாதீர்கள். ஊரிலுள்ள வண்டையெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகிவிடும். பச்சை மட்டையை வெட்டியே ஆகவேண்டும் என்றால் தண்டை ஒட்டி வெட்டாமல் நாலடி விட்டு வெட்டுங்கள்.

அடிமரத்துல செங்காவி மாதிரி கசியுது. சும்மா விடலாமா?

விடாதீர்கள். நம்ம ஊர் பேரிலேயே இருக்கிறது இந்த நோய், தஞ்சாவூர் வாடல். 1952-இல் அடித்த புயலுக்குப் பிறகு தஞ்சாவூர் மாவட்டத்தில் கண்டதால் அந்தப் பெயர். மண்ணிலிருக்கும் கானோடெர்மா என்ற பூஞ்சணம் வேரை அழுக வைத்துக்கொண்டே மேலே ஏறும். தரையை ஒட்டித்தான் கசிவு தொடங்கும், பத்தடி வரை ஏறும். அடிமட்டைகள் காய்ந்து, உதிராமல் மரத்தை ஒட்டித் தொங்கும். மழைக்குப்பின் அடிமரத்தில் மெருகு போட்ட மாதிரி செம்பழுப்புக் காளான் முளைத்தால் சந்தேகமே வேண்டாம். கசிவு அடியில் இல்லாமல் தண்டின் நடுவில் வெடிப்பிலிருந்து வந்தால் அது சாறு வடிதல் என்ற வேறு நோய், இந்த அளவுக்கு ஆபத்தில்லை. அந்த இடத்தைச் செதுக்கி போர்டோ பசை தடவலாம், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து அது, செய்முறை கீழே இருக்கிறது.

வாடலில் முற்றிய மரம் பிழைக்காது. ஆரம்பத்தில் என்றால் வருஷம் ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கும் 50 கிலோ தொழுஉரமும் போடுங்கள், உரத்தோடு ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலந்து போடலாம். ஒரு சதவீத போர்டோ கலவை 40 லிட்டரை அடிமரத்தைச் சுற்றி ஊற்றுவதும் உண்டு, ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தால் போர்டோவில் உள்ள செம்பு போய் ட்ரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும். நாலைந்து அடி தள்ளி மூன்றடி ஆழத்துக்கு வட்டமாகப் பள்ளம் எடுத்து, நோய்மர வேர் நல்ல மரத்தைத் தொடாமல் செய்யுங்கள். அந்த மரத்துப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்கு ஓடக் கூடாது. நிறைய பேர் கோட்டைவிடுவது இங்கேதான், ஒரே வாய்க்காலில் எல்லா மரத்துக்கும் தண்ணீர் விட்டு வரிசையாகப் பறிகொடுப்பார்கள்.

நடுக்குருத்து இழுத்தா கையோட வருது, நாறுது.

குருத்தழுகல், மழைக்காலத்து நோய். இரண்டு மூன்று மட்டை மட்டும் போயிருந்தால் அழுகியதை நல்ல பாகம் தெரியும்வரை சுரண்டி எடுத்து, போர்டோ பசை தடவி, மழை படாமல் ஒரு பானையைக் கவிழ்த்து மூடுங்கள். புதுக் குருத்து எட்டிப்பார்த்ததும் எடுத்துவிடலாம்.

போர்டோ, போர்டோன்னு சொல்றீங்களே, அதை வீட்டுல செய்ய முடியுமா?

முடியும், கடையில் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுட்ட சுண்ணாம்பும் வாங்கினால் போதும். கலவைக்கு: 100 கிராம் மயில்துத்தத்தை ஐந்து லிட்டர் தண்ணீரில் கரையுங்கள், 100 கிராம் சுண்ணாம்பைத் தனியாக ஐந்து லிட்டரில் கரைத்து வடிகட்டுங்கள், துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பசைக்கு அதே 100, 100 கிராம், ஆனால் மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீர்தான். பிளாஸ்டிக் வாளியிலோ மண்பானையிலோ கலக்குங்கள், இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது.

துருப் படியாத இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் கலவையில் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்கவேண்டும், இல்லையென்றால் இலை கருகும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மிச்சத்தைக் குளத்திலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள்.

வேப்பமரம் நெருப்பு வெச்ச மாதிரி கருகிடுச்சு. வேம்பே கருகினா வீட்டுக்கு ஆகாதாமே, வெட்டிரலாமா?

வெட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் மார்கழி, தை வாக்கில் நுனிக் கொழுந்துகள் பழுப்பாகிக் காய்ந்து தொங்கும், தெருவில் உள்ள அத்தனை வேம்பும் இப்படியே இருக்கும். தேயிலைக் கொசு என்ற பூச்சி இளந்தண்டில் சாற்றை உறிஞ்ச, ஃபோமோப்சிஸ் என்ற பூஞ்சணமும் சேர்ந்துகொள்ள, நுனி காய்கிறது. பெரிய மரம் வெயில் ஏறியதும் பெரும்பாலும் தானாகவே துளிர்த்துவிடும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் சின்னக் கிளையைச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் மரம் நன்றாக இருக்கிறது. காய்ந்த நுனியைக் கழித்து எரித்துவிட்டுச் சும்மா இருங்கள். சகுனத்தைப் பற்றி நர்சரிக்காரன் சொல்ல என்ன இருக்கிறது, ஆனால் பூச்சிக்கு உங்கள் வீடு எது, அடுத்த வீடு எது என்று தெரியாது.

மாமரத்துல வேற ஏதோ இலை முளைச்சிருக்கு, பூவும் பூக்குது. அழகா இருக்குன்னு விட்டுட்டோம்.

புல்லுருவி. குருவி பழத்தைத் தின்று கிளையில் அலகைத் தேய்த்த இடத்தில் விதை ஒட்டி, வேரை மரத்துக்குள்ளேயே இறக்கிவிடும். அதை மட்டும் ஒடித்தால் திரும்ப முளைக்கும். அது உட்கார்ந்திருக்கும் முண்டுக்கு ஒரு அடி கீழே, கிளையோடு சேர்த்து வெட்டவேண்டும், பூத்துப் பழுப்பதற்கு முன்னால். பட்டையில் சாம்பல் பச்சையாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருப்பதும் இதுவும் ஒன்றல்ல. அது கற்பாசி, மரத்திலிருந்து எதையும் எடுக்காது, சுரண்ட வேண்டாம்.

கஜா புயல்ல சாய்ஞ்ச மாமரம் இன்னும் நிக்குது. பயமா இருக்கு, வெச்சுக்கலாமா?

2018 நவம்பர் 16-க்கு அப்புறம் இந்தப் பக்கத்தில் காற்றடித்தாலே எல்லோருக்கும் கண் மரத்துக்குத்தான் போகும். சாய்ந்து இத்தனை வருஷம் ஆகி, அதன் பிறகு நுனி நேராக மேல்நோக்கி வளர்ந்திருந்தால் வேர் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். பயப்பட வேண்டியது புதிய சாய்வுக்கு. சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து மண் வெடித்து அல்லது தூக்கிக்கொண்டு நிற்கிறதா, அடியில் காளான் இருக்கிறதா, சுத்தியலால் தட்டினால் தண்டு டம்மென்று வெறுமையாகக் கேட்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்து, விழுந்தால் வீட்டின்மேல் விழும் தூரத்திலும் இருந்தால் ஆவணிக்குள் பாரம் குறையுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். ஐப்பசி வரை தள்ளாதீர்கள்.

சுற்றிலும் சிமெண்ட் தரை போட்டு மரத்தின் கழுத்தை நெரித்திருந்தால் அதை முதலில் உடையுங்கள். மூச்சுவிட முடியாத வேர் அகலமாக ஓடாது, காற்றுக்கு நிற்காது.

கிளையை எப்படி வெட்டினா மரத்துக்குக் கெடுதல் இல்ல?

கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். அதற்கு வெளியே ஒட்டி வெட்டினால் பட்டை வளர்ந்து காயத்தை மூடும். ஒரு முழம் விட்டு வெட்டினால் அந்தக் குச்சி காய்ந்து, அழுகல் அதன்வழியே தண்டுக்குப் போகும். கனமான கிளையை முதலில் கீழிருந்து கால்வாசி அறுத்துவிட்டு அப்புறம் மேலிருந்து அறுங்கள், இல்லையென்றால் பட்டையை உரித்துக்கொண்டு விழும். மா என்றால் காய் பறித்து முடித்த கையோடு.

வேர்ல மருந்து கட்டினா ரெண்டு வருஷத்துக்குப் பூச்சியே வராதுன்னு ஒருத்தர் வர்றார். கட்டலாமா?

மருந்தின் பெயர் என்ன என்று கேளுங்கள். பெயர் சொல்லாமல், லேபிள் கிழித்த பாட்டிலைக் காட்டினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வேர் வழியே போகும் கடும் பூச்சிக்கொல்லி இளநீருக்கும் போகும். அப்படிக் கட்டிய மரத்தில் குறைந்தது 45 நாள் காய் இறக்கக் கூடாது, அதைச் சொல்லாமல் காசு வாங்கிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷ உத்தரவாதம் என்பது சும்மா.

வேரில் கட்டுவதே தப்பில்லை. ஈரியோபைட் சிலந்திக்கு (கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்), அதாவது காயின் காம்புப் பக்கத்துத் தொப்பிக்குக் கீழே முக்கோணமாக வெளுத்து, வளர வளரப் பழுப்பாகி வெடிக்கும் காய்களுக்கு, ஒரு சதவீத அசாடிராக்டின் 10 மில்லியோடு 10 மில்லி தண்ணீர் கலந்து பென்சில் தடிமனுள்ள இளவேரைச் சாய்வாக வெட்டிப் பையில் நுழைத்துக் கட்டலாம். இது வேம்பிலிருந்து எடுத்தது.

செத்த தென்னையை எடுத்த குழியிலயே புதுக் கன்னு வைக்கலாமா?

எதனால் செத்தது என்பதைப் பொறுத்தது. வண்டு, இடி, புயல் என்றால் தாராளமாக வைக்கலாம். தஞ்சாவூர் வாடல் என்றால் அந்தப் பூஞ்சணம் கட்டையிலும் வேரிலும் உயிரோடு காத்திருக்கும். கட்டையை வேரோடு பறித்து எரித்துவிட்டு, குழியை வெயிலில் காயவிட்டு, இரண்டு வருஷமாவது அங்கே வாழை வையுங்கள். தென்னை வேண்டுமென்றால் இருபது அடி தள்ளி வையுங்கள். கன்று விற்கிறவனே இப்போது வாங்காதே என்கிறேன்.

போட்டோ அனுப்பினா பார்த்துச் சொல்வீங்களா?

சொல்வேன், ஆனால் நாலு படம் வேண்டும்: மரம் முழுசாக ஒன்று, புது இலையும் பழைய இலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று, தரையோடு சேர்த்து அடிமரம் ஒன்று. பக்கத்து வீட்டு மரமும் இப்படி இருக்கிறதா, கடைசியாக எப்போது என்ன போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். நேரில் கொண்டுவந்தால் இலையைச் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகி எல்லா நோயும் ஒரே மாதிரி தெரியும்.

எனக்குப் பிடிபடாததை வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கோ, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ எடுத்துப்போகச் சொல்வேன். கிசான் கால் சென்டர் 1800-180-1551, காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பதில் சொல்வார்கள். கூப்பிடும் முன் மரத்தடிக்குப் போய் நின்றுகொள்ளுங்கள், அடுத்தடுத்து கேள்வி கேட்பார்கள்.